ஸ்லோ குக்கர் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), ஸ்லோ குக்கர், அதாவது மெதுவாகச் சமைக்கும் மின்சாரப் பானை, இல்லாத வீடு குறைவு. தோட்டத்தில் பெரட்டுக்கு (விடியற்காலை ஆள்கணக்குக்கு)ப் போகிறவர்களுக்கும் ஷிப்டு வேலைக்கு வேன் ஏறுகிறவர்களுக்கும் அது அவ்வளவு தோது. விடியுமுன் கறியைப் போட்டுத் திருகிவிட்டுப் போனால், மாலையில் சோறு வடித்தால் போதும். மக்கர் செய்யும்போது மட்டும் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். "அண்ணே, சூடே ஏறலண்ணே" என்று பழைய கைலியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்படி வருவதில் நிஜமாகவே பழுதானது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் தண்ணீர், நேரம், பிளக் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் முடிந்துவிடும். அதனால் காசு செலவில்லாத காரணத்தில் தொடங்கி மேலே போவோம்.

அடிப்பாகத்தின் திருகுகளைக் கழற்றிச் செய்ய வேண்டிய வேலை எதுவும் இங்கே இல்லை. அந்த இடம் வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## விளக்கு எரிகிறது, கறி வேகவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். முதலில் எது வேகவில்லை என்று பாருங்கள்.

இறைச்சி மட்டும் கடினமாக இருக்கிறது. ஒரு துண்டை முள்கரண்டியால் குத்தித் திருகிப் பாருங்கள். கரண்டியை எதிர்த்து இறுகி நின்றால் நேரம் போதவில்லை. மூடியைப் போட்டு இன்னும் ஒரு மணி நேரம் 'ஹை'யில் ஓடவிடுங்கள். நார் நாராகப் பிரிந்தும் வாயில் வறண்டு சக்கையாக இருந்தால் நேரம் கூடிவிட்டது. இனி ஓடவிட்டுப் பயனில்லை. பிய்த்துக் குழம்பிலேயே ஊறவிட்டு, பொரட்டாவுக்குத் தொட்டுக்கொள்ள வைத்துக்கொள்ளுங்கள். எலும்போடு கூடிய ஆட்டிறைச்சிக்கு 'லோ'வில் எட்டு மணி நேரமாவது வேண்டும். கடையில் வாங்கும் சாதாரணக் கோழியின் தொடைக்கு ஐந்து ஆறு மணி நேரம். எலும்பில்லாத நெஞ்சுக்கறி நான்கு மணி நேரத்திலேயே தயார். நாட்டுக்கோழி ஆட்டிறைச்சிக் கணக்கில்தான் சேரும். காலை ஆறுக்குப் போட்டு மாலை ஐந்துக்குத் திரும்புகிறவர்கள் நெஞ்சுக்கறியைப் போடுவதே வீண்.

இறைச்சி வெந்துவிட்டது, உருளைக்கிழங்கு கடக் கடக் என்கிறது. கிழங்கை மேலே போட்டிருப்பீர்கள். இந்தப் பானையில் அடியிலும் ஓரத்திலும்தான் சூடு பிடிக்கும். கிழங்கு, கேரட், முள்ளங்கி எல்லாம் அடியில், இறைச்சி அதன் மேல். துண்டையும் சிறிதாக நறுக்குங்கள். இந்தக் குறைக்கு இதற்கு மேல் வைத்தியம் தேவையில்லை.

கொண்டைக்கடலை, பருப்பு வேகவில்லை. புளியும் தக்காளியும் ஆரம்பத்திலேயே போயிருந்தால் கடலை மசியாது, நாள் முழுக்க ஓடினாலும் சரி. டால்ச்சா செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: எலும்பு, கடலைப்பருப்பு, கத்தரிக்காய், மாங்காய், புளி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டிவிடுகிறார்கள். பருப்பும் எலும்பும் முதலில் வேகட்டும். கடைசி ஒரு மணி நேரத்தில் காய், கடைசி அரை மணியில் புளி, மாங்காய். கடலையை முந்தின இரவே ஊறவைத்தும் வேகவில்லை என்றால் அது பழைய கடலை. ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் கடையை மாற்றுங்கள், குக்கரை அல்ல.

சிவப்பு ராஜ்மா மட்டும் தனிக் கணக்கு. அதை ஊறவைத்து நேராக ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. வேகாத ராஜ்மாவில் இருக்கும் நஞ்சு இந்தப் பானையின் மிதமான சூட்டில் அழியாது, அரைச்சூட்டில் அது இன்னும் கூடவும் செய்யும். நாலைந்து விதை அரைவேக்காடாகப் போனாலே போதும், சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொள்ளும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் கேஸ் அடுப்பில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்புறம்தான் குக்கர். நேரமில்லை என்றால் டின்னில் வருவதை வாங்குங்கள்.

எல்லாமே அரைவேக்காடு. இப்போதுதான் குக்கர் மேல் சந்தேகம் வரலாம், அதுவும் கடைசியாக. முதலில் திருகியைப் பாருங்கள். 'வார்ம்' என்ற இடத்தில் நின்றால் அது சூட்டைக் காக்கும், சமைக்காது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது சாதாரணம். அடுத்து அளவு. பாதிப் பானையிலிருந்து முக்கால் பானைக்குச் சற்றுக் குறைவு வரைதான் இருக்க வேண்டும். தீபாவளிக்கு ஆள் வருகிறார்கள் என்று கழுத்து வரை அடைத்தால் நடுப்பகுதி வேகாது. அடுத்து மூடி. ஒவ்வொரு முறை திறந்து கிண்டும்போதும் இருபது முப்பது நிமிடச் சமையல் பின்வாங்கும். கண்ணாடி மூடிதானே, வெளியிலிருந்தே பாருங்கள். அடுத்து உறைந்த இறைச்சி. பெட்டியிலிருந்து எடுத்த கட்டியை அப்படியே போட்டால் அது இளகுவதற்குள் பாதி நாள் போய்விடும். அந்த நேரமெல்லாம் இறைச்சி வெதுவெதுப்பாகவே கிடக்கும், அதுதான் வயிற்றைக் கெடுப்பது. முந்தின இரவே குளிர்பெட்டியின் கீழ்த் தட்டுக்கு மாற்றி இளகவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வேகவில்லையா? தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். பாதிப் பானை குழாய்த் தண்ணீர் ஊற்றி, மூடி, 'லோ'வில் எட்டு மணி நேரம் விடுங்கள். இரவில் போட்டுக் காலையில் பார்க்கலாம். மூடியைத் திறந்த உடனே, நீராவி போவதற்குள், சமையல் வெப்பமானியை விட்டுப் பாருங்கள். 85 முதல் 93 டிகிரி செல்சியசுக்குள் இருந்தால் குக்கர் நன்றாக இருக்கிறது, சமையலில்தான் பிசகு. 93-ஐத் தாண்டினால் சூடு அதிகம், சொன்ன நேரத்துக்கு முன்பே வெந்துவிடும். 85-க்குக் கீழே இருந்தால் சூட்டுச்சுருள் தளர்ந்துவிட்டது. உத்தரவாதம் இருந்தால் கடைக்கு, இல்லாவிட்டால் புதுசு. இந்தச் சுருளை மாற்றக் கொடுக்கும் கூலி பல நேரம் புதுக் குக்கரின் விலையை எட்டிப் பிடித்துவிடும்.

## குழம்பு தண்ணியாக நிற்கிறது, மசாலா பச்சை வாடை அடிக்கிறது

இரண்டும் ஒன்றாகவே வரும், அதனால் ஒன்றாகவே பார்ப்போம்.

அடுப்பில் வைக்கும் குழம்பில் ஊற்றும் தண்ணீரையே இதிலும் ஊற்றினால் அது எங்கும் போகாது. நீராவி மூடியில் முட்டி, திரும்பப் பானையிலேயே விழும். இறைச்சியும் வெங்காயமும் தங்கள் பங்குக்குத் தண்ணீர் விடும். வழக்கமாக ஊற்றுவதில் பாதி போதும். ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு நான் ஒரு கப்புக்கு மேல் ஊற்றுவதில்லை. ஏற்கெனவே தண்ணியாகிவிட்டது என்றால் துண்டுகளை எடுத்து வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் குவாலியில் (வாணலியில்) ஊற்றிக் கேஸில் வற்றவிடுங்கள். பத்து நிமிட வேலை. மூடியைத் திறந்து 'ஹை'யில் வைத்து வற்றவிடலாம் என்பார்கள். வற்றும், ஆனால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சமையலறையும் புழுங்கிவிடும்.

பச்சை வாடைக்குக் காரணம், மசாலாத்தூளை நேராகப் பானையில் கொட்டியது. இந்தச் சூட்டில் தூள் வேகும், வதங்காது. வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தூள் மூன்றையும் குவாலியில் எண்ணெய் பிரியும் வரை வதக்கிவிட்டுப் பானைக்கு மாற்றுங்கள். காலையில் அதற்கு நேரமில்லை என்றால் முந்தின இரவே வதக்கி, ஆறவிட்டு, குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். இறைச்சியை வேறு டப்பாவில் வையுங்கள். எல்லாவற்றையும் மண்பானையிலேயே போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் சில்லென்று எடுத்து அடிப்பாகத்தில் வைக்கிறவர்கள் பானையை உடைத்துக்கொள்கிறார்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

வாசனைக்கு இன்னொரு கணக்கு: பட்டை, கிராம்பு, சோம்பை வழக்கமான அளவில் பாதி போடுங்கள், நாள் முழுக்க ஊறி அவை தூக்கலாகிவிடும். கறிவேப்பிலை, கொத்தமல்லித் தழை மணம் நிற்காது, ஆகவே கடைசியில் ஒரு தாளிப்பு. உப்பையும் கடைசியில் சரிபாருங்கள். மட்டன் பெரட்டலை முழுக்க ஸ்லோ குக்கரிலேயே முடித்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இறைச்சியை அதில் வேகவைக்கலாம், பெரட்டுவது குவாலியில்தான்.

தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது என்றால் அதை ஆரம்பத்திலேயே ஊற்றியிருப்பீர்கள். கெட்டுப்போகவில்லை, சாப்பிடலாம், பார்க்கத்தான் தயிர் உடைந்த மாதிரி இருக்கும். அடுத்த முறை கடைசி அரை மணி நேரத்தில் ஊற்றுங்கள். மீனுக்கும் இதே கணக்குதான், கடைசியில் போட்டால் போதும்.

ஓரத்தில் கருகிப் பிடிக்கிறது என்றால் பானையில் போட்டது குறைவு. இருவருக்கான சமையலைப் பெரிய ஐந்து லிட்டர் பானையில் வைத்தால் அப்படித்தான் ஆகும். சின்னப் பானை வாங்குங்கள், அல்லது கூடச் சமைத்து அடுத்த நாளுக்கு எடுத்துவையுங்கள்.

## வீடு திரும்பினால் பானை ஆறிக் கிடக்கிறது

மதியம் இடி இறங்கும் ஊர் இது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சொல்லவே வேண்டாம். ஒரு மின்னல் வெட்டியதும் மின்பெட்டியில் சுவிட்சு விழுந்துவிடும், நீங்கள் வேலையில் இருப்பீர்கள்.

சுவிட்சு கீழே விழுந்தே கிடக்கிறதா? அப்படியானால் எப்போது விழுந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பானையில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள். முகர்ந்து பார்த்து நன்றாகத்தான் இருக்கிறது என்று கொதிக்கவைத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. கிருமி விட்ட நஞ்சில் சில வகை கொதித்தாலும் போகாது, வாடையும் காட்டாது. ஆட்டிறைச்சி விற்கிற விலைக்கு மனசு வராதுதான். கொட்டுங்கள்.

சுவிட்சு சரியாக இருக்கிறது, பானை மட்டும் வெதுவெதுப்பா? பொத்தான் அழுத்தும் டிஜிட்டல் வகைகளில் பலதும் மின்சாரம் போய் வந்தால் தானாகத் திரும்ப ஓடாது, நின்ற இடத்திலேயே நின்றுவிடும். திருகி வகை திரும்ப ஓடும். ஆனால் அது வேறு வகைத் தொல்லை. நடுவில் மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்துவிட்டு மாலையில் நன்றாகச் சூடாகி உங்களை வரவேற்கும். இதைக் கண்டுபிடிக்க, அதே சாக்கெட்டுப் பக்கத்தில் பேட்டரி இல்லாமல் மின்சாரத்தில் மட்டும் ஓடும் ஒரு பழைய கடிகாரத்தைச் சொருகி வையுங்கள். எண் கடிகாரமாக இருந்தால் மின்சாரம் போய் வந்ததும் 12:00 என்று கண் சிமிட்டும். முள் கடிகாரமாக இருந்தால் எவ்வளவு நேரம் போயிற்றோ அவ்வளவு பின்தங்கி நிற்கும்.

நீங்கள் வீட்டில் இருக்கும்போதே மின்சாரம் போனால் வேறு பேச்சே இல்லை, உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றிச் சமைத்து முடியுங்கள். பானையை அப்படியே அடுப்பில் ஏற்றாமல் சட்டிக்கு மாற்றுங்கள்.

சாக்கெட்டில் டைமர் போட்டு, காலை ஐந்துக்கே பச்சைக் கறியை வைத்துவிட்டு மதியம் பன்னிரண்டுக்கு ஓட வைக்கிற பழக்கமும் பரவுகிறது. அதை விட்டுவிடுங்கள். பச்சை இறைச்சி வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர் மதிய வெயிலில் தகரக் கூரைச் சமையலறை 32-ல் நிற்குமா?

## விளக்கே எரியவில்லை

சுவரில் உள்ள சுவிட்சு போட்டிருக்கிறதா என்று பார்ப்பதைச் சொல்ல எனக்கே கூச்சம்தான், ஆனாலும் பாருங்கள். அடுத்து அதே சாக்கெட்டில் மின்விசிறியைச் சொருகிப் பாருங்கள். அது ஓடாவிட்டால் குற்றவாளி சாக்கெட். மின்விசிறி ஓடினால் குக்கரை வேறு சாக்கெட்டில், நீட்டு வயர் இல்லாமல், நேராகச் சொருகுங்கள்.

அதிலும் எரியவில்லை என்றால் பிளக்கின் பியூஸ். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து கழற்றிய பிறகு, முட்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன மூடியைத் திருப்புளியால் நெம்பினால் பியூஸ் வெளியே வரும். நன்றாக இருக்கும் இன்னொரு பிளக்கிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணில்தான் புதியது வாங்க வேண்டும். சிவப்பு 3 ஆம்பியர், பழுப்பு 13. ஸ்லோ குக்கர் இழுக்கும் மின்சாரம் குறைவுதான், 3 இருந்த இடத்தில் 13 போடத் தேவையே இல்லை. பியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடும் வித்தை தோட்டத்து லயங்களில் ஒரு காலத்தில் ஓடியது. இப்போதும் சிலர் செய்கிறார்கள். வயர் எரிந்தால் வீடும் எரியும்.

புது பியூஸும் உடனே போய்விட்டால் உள்ளே கோளாறு. இன்னொன்று போட்டுப் பார்க்காதீர்கள், கடைக்குக் கொண்டுபோங்கள்.

டிஜிட்டல் வகை திடீரென்று செத்துப்போனால் அடிப்பாகத்தின் காற்றுத் துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லியோ கரப்பானோ உள்ளே போய்ச் சுட்டுக்கொண்டு செத்திருக்கும், ஒரு தீய்ந்த வாடையும் வரும். இதைக் கடைக்காரர்தான் திறக்க வேண்டும். சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் சிந்திய மேசையில் வைத்தால் திரும்பவும் வரும்.

## பிளக் சுடுகிறது

ஓடும்போது பிளக்கைத் தொட்டால் இளஞ்சூடு இருக்கலாம், கையை எடுக்கும் அளவு சுடக் கூடாது. கருவாடு எதுவும் வீட்டில் இல்லாமலேயே சாக்கெட் பக்கம் கருவாட்டு வாடை அடித்தால் அது பிளாஸ்டிக் சூடேறி வரும் வாடை. மெயினை அடைத்துவிட்டுப் பிளக்கை உருவிப் பாருங்கள். முள்ளின் அடியில் பழுப்புக் கறை இருக்கும், சாக்கெட் துளை ஓரமும் கருத்திருக்கும். காரணம் பெரும்பாலும் தளர்ந்த சாக்கெட், இல்லாவிட்டால் ஒரே நீட்டு வயரில் தண்ணீர் கொதிக்கும் கெட்டிலையும் சேர்த்துச் சொருகியது. கருத்த சாக்கெட்டைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. ஒயர்மேனைக் கூப்பிட்டு மாற்றுங்கள், பிளக்கும் கருத்திருந்தால் அதையும்.

## சொருகியதும் மெயின் விழுகிறது, அல்லது தொட்டால் கை சுர்ரென்கிறது

மெயின் விழுந்தால்: எல்லாச் சாமான்களின் பிளக்கையும் உருவுங்கள், மெயினைத் தூக்குங்கள், ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதைச் சொருகும்போது விழுகிறதோ அதுதான். குக்கர் என்று தெரிந்தால் ஒரு கேள்வி: அடிப்பாகத்தை யாராவது தண்ணீரில் கழுவினார்களா? வீட்டில் உதவிக்கு வந்த மாமியாரோ பிள்ளையோ நல்லெண்ணத்தில் செய்திருப்பார்கள். கவிழ்த்து வைத்து மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால் அது போய்விட்டது.

கை சுர்ரென்றால் எதையும் சோதிக்க வேண்டாம். சுவிட்சை அடைத்து, பிளக்கை உருவி, குக்கரை மூலையில் வையுங்கள். செருப்புப் போட்டால் தெரியவில்லையே என்று ஓட்டாதீர்கள். மெயின் விழ வேண்டிய நேரத்தில் விழவில்லை என்பதுதான் இதில் பயம். மின்பெட்டியில் அந்தச் சுவிட்சின் பக்கத்தில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் சுவிட்சு விழ வேண்டும். விழாவிட்டால், அல்லது வேறு சாமான்களிலும் சுர்ரென்றால், கோளாறு மின்பெட்டியிலோ வீட்டு வயரிங்கிலோ இருக்கிறது. பழைய வீடுகளில் எர்த் வயர் அறுந்திருப்பது உண்டு. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஒயர்மேனைத்தான் கூப்பிட வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கைவேலை தெரியும் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

## பானையில் விரிசல்

சுடுபானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றியது, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பானையைச் சூடான அடிப்பாகத்தில் வைத்தது, கேஸில் ஏற்றியது. இந்த மூன்றைத் தவிர வேறு காரணத்தில் உடைந்து நான் பார்த்தது அரிது. சமைத்து முடித்த பானை தானாக ஆறட்டும், அவசரமாகக் கழுவ வேண்டுமானால் வெந்நீர் ஊற்றுங்கள்.

கோடு மேல்பூச்சில் மட்டுமா, பானை முழுக்க ஓடுகிறதா என்று சந்தேகமானால், பானையின் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, தண்ணீர் நிரப்பி, பழைய செய்தித்தாள் மேல் ஓர் இரவு வையுங்கள். தாள் நனைந்திருந்தால் பானை போயிற்று, ஒட்டுப் போட முடியாது, கசியும் தண்ணீர் அடிப்பாகத்துக்குள் இறங்கும். தாள் காய்ந்திருந்தாலும் விரலால் தட்டினால் மந்தமான சத்தம் வருகிறது, பூச்சு நகத்தில் பெயர்கிறது என்றால் அதில் சமைக்க வேண்டாம். பானை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கிய கடையில் கேளுங்கள். அடிப்பாகத்தின் கீழே ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள மாடல் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள், லிட்டர் அளவு ஒன்றாக இருந்தாலும் வேறு மாடல் பானை உட்காராது.

பழுதுபார்க்கக் கொண்டுபோகும்போதும் அந்தப் படம் வேண்டும், ரசீதும் வேண்டும். பானையையும் மூடியையும் வீட்டில் வைத்துவிட்டு அடிப்பாகத்தை மட்டும் கொண்டுபோங்கள், மோட்டார் சைக்கிள் கூடையில் பானை உடைந்து வந்த கதைகள் இங்கே நிறைய. முதலில் பார்ப்பதற்கு எவ்வளவு கூலி என்று கேளுங்கள். அதைச் சொல்லத் தயங்கும் கடையில் சாமானைக் கொடுக்காதீர்கள்.